போன் நல்லாத்தான் இருக்கு, கதவுதான் மூடிடுச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை கொல்லிமலை செம்மேட்டில் உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க. கீழே காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா இந்த மலைமேல இருக்கற தாலுகா தலைமையிடம் இதுதான். வல்வில் ஓரி சிலை இருக்கற ஊர். நீங்க வீக்எண்டுக்கு ஆகாய கங்கை பார்க்க வந்திருந்தா இந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க.

இங்கே ஒரு மொபைல் சர்வீஸ் கடையில கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருந்தேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பட்டன் போன்கள், சின்னத் திரை வெச்ச பழைய ஆண்ட்ராய்டுகள். எல்லாம் ஆன் ஆகுது, சார்ஜ் நிக்குது, கால் போகுது. "ரிப்பேர்னு சொல்லிக் கொண்டாந்து குடுத்தது தம்பி. ஒண்ணுலயும் ரிப்பேர் இல்ல. சாட் ஆப் உள்ள விட மாட்டேங்குது, அவ்வளவுதான்"னு சொன்னார்.

மலைக்கு போன் எந்த வழியா வருதுன்னு யோசிச்சா விஷயம் புரியும். திருப்பூர்லயோ சேலத்துலயோ வேலை பார்க்கற பையன் புது போன் வாங்குவான். பழசு அப்பாவுக்கு. அப்பாவோடது பாட்டிக்கு. நாம டிராயர்ல தூக்கிப் போடற போன் இங்கே இன்னும் மூணு நாலு வருஷம் உழைக்கும். மிளகு என்ன விலை போகுது, கடைசி பஸ் கிளம்பிடுச்சா, மழைக்கு நாளைக்கு ஸ்கூல் உண்டா, எல்லாமே குரூப்லதான் வருது. ஆப் நின்ன அன்னிக்கு அந்த ஆள் குரூப்லேர்ந்து விலகல. யாரும் அவரை விலக்கவும் இல்ல. பேர் அப்படியேதான் இருக்கும். மெசேஜ் மட்டும் போய்ச் சேராது. மத்தவங்க "பார்த்திருப்பார்"னு நினைச்சுக்குவாங்க.

அப்போ கேள்வி இதுதான். கெட்டுப் போகாத போன்ல, கெட்டுப் போகாத ஒரு ஆப் எப்படிச் சாகுது?

பதிலுக்கு நாம 25 வருஷம் பின்னாடி, பிரவுசிங் சென்டர் காலத்துக்குப் போகணும். நிறைய பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டீங்க. பரவாயில்ல, வாங்க.

மைக்ரோசாஃப்டோட எம்.எஸ்.என். மெசஞ்சர் 1999 ஜூலையில வந்துச்சு. அந்த மென்பொருளும் அதோட சர்வரும் பேசிக்கிட்ட மொழி அப்பட்டமான எழுத்து, யார் வேணும்னாலும் எட்டிப் பார்த்துப் படிக்கலாம். நீங்க லாகின் அழுத்தினதும் உங்க கம்ப்யூட்டர் அனுப்பற முதல் வரி என்ன தெரியுமா? யூசர்நேமும் இல்ல, பாஸ்வேர்டும் இல்ல. "எனக்கு இந்தப் பாஷையில பத்தாம் பதிப்பு தெரியும், ஒன்பதாம் பதிப்பும் தெரியும்"னு ஒரு பட்டியல். சர்வர் அதுல தனக்கும் தெரிஞ்சதைப் பார்த்து, "சரி, பத்துலயே பேசுவோம்"னு பதில் சொல்லும். பொதுவா எதுவுமே இல்லைன்னா பூஜ்யம்னு ஒரே ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். அதோட பேச்சு முடிஞ்சுது.

பத்துல ஒத்துப் போனா, அடுத்த வரியில உங்க மென்பொருள் தன் ஜாதகத்தையே ஒப்பிக்கும். எந்த மொழி, எந்த விண்டோஸ், என் பேர் என்ன, என் வெர்ஷன் நம்பர் என்ன. அதுக்கு சர்வர் சொல்ற பதில்தான் நமக்கு முக்கியம்: "நீ வெச்சிருக்க வேண்டிய வெர்ஷன் இது. குறைஞ்சபட்சம் இதாவது இருக்கணும். இங்கே போய் இறக்கிக்கோ."

அந்தக் "குறைஞ்சபட்சம்" எங்கே இருக்குன்னு கவனிச்சீங்களா? உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. சர்வர்ல. அது ஒரு எண். கம்பெனி நினைச்சா ராத்திரியோட ராத்திரியா மாத்தலாம். 2003 அக்டோபர் 15 அன்னிக்கு மைக்ரோசாஃப்ட் அதைத்தான் பண்ணிச்சு. பழைய வெர்ஷன் எம்.எஸ்.என். வெச்சிருந்தவங்க எல்லாரும் வெளியே. முந்தின நாள் வரைக்கும் ஓடின அதே ஃபைல், ஒரு எழுத்துகூட மாறாம, உபயோகமில்லாமப் போச்சு.

உடனே "கம்பெனிக்காரன் அராஜகம்"னு ஆரம்பிச்சுடாதீங்க. காரணம் நிஜமாவே இருக்கும். 2007 செப்டம்பர்ல மறுபடி எல்லாரையும் கட்டாயமா அப்டேட் பண்ண வெச்சாங்க. பழைய வெர்ஷன்ல வெப்கேம் அழைப்பை ஏத்துக்கிட்டாலே எதிராளி உங்க கம்ப்யூட்டர்ல நுழையலாம்ங்கற அளவுக்கு ஓட்டை. அந்த நிலைமையில பழசை அனுமதிக்கறதுதான் தப்பு. ஆனா பாதுகாப்புங்கற இதே வார்த்தை வேற சமயத்துல வேற காரணத்துக்கும் போர்வையா வரும்.

அதுக்கு உதாரணம் வேணுமா? எம்.எஸ்.என். வந்த அதே 1999. அமெரிக்காவுல அப்போ ராஜா ஏ.ஓ.எல். கம்பெனியோட எய்ம். புதுசா வந்த எம்.எஸ்.என்.காரங்க ஒரு வேலை பண்ணாங்க. தங்க மென்பொருளையே எய்ம் பாஷையும் பேச வெச்சாங்க. ஒரே ஜன்னல்ல ரெண்டு பக்க நண்பர்களும். ஏ.ஓ.எல். சில நாள்ல கதவைச் சாத்திச்சு. மைக்ரோசாஃப்ட் வேற மாதிரி தட்டிச்சு. அவங்க பூட்டை மாத்த, இவங்க சாவியை மாத்த, இப்படியே பல சுற்று. கடைசியில ஏ.ஓ.எல். என்ன பண்ணிச்சுன்னா, தன்னோட சொந்த மென்பொருள்ல இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையையே அடையாள அட்டையா ஆக்கிடுச்சு. சர்வர் அந்த ஓட்டை வழியா ஒரு சின்ன நிரலை அனுப்பும். நிஜ எய்ம்னா அது ஓடி, சரியான பதில் வரும். மைக்ரோசாஃப்ட் எழுதின நகல்ல அந்த ஓட்டை இல்லாததால பதில் வராது. மாட்டிக்கிச்சு. தன் வாடிக்கையாளர் வீட்டு ஜன்னல் உடைஞ்சிருக்குங்கறதையே "இது நம்ம ஆள் வீடு"ன்னு கண்டுபிடிக்கற அடையாளமா வெச்ச மாதிரி. [சிரிப்பு] அந்தப் பக்கம் வேலை பார்த்த டேவிட் ஆவர்பாக்ங்கற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் பின்னாடி 2014ல இந்தக் கதையை விரிவா எழுதினார். மைக்ரோசாஃப்ட் அந்த முயற்சியையே கைவிட்டுச்சு.

ஆக, வெர்ஷன் பொருந்தலைன்னு திரையில வர்ற ஒரே வரிக்குப் பின்னால ரெண்டு தனித்தனிக் காரணம் ஒளிஞ்சிருக்கலாம். முடியலங்கறது ஒண்ணு. வேணாம்ங்கறது இன்னொண்ணு. நமக்குத் தெரியறது அந்த ஒரு வரி மட்டும்தான்.

எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு அழகான வழி இருக்கு. எம்.எஸ்.என். மெசஞ்சரை மைக்ரோசாஃப்ட் 2013ல மூட ஆரம்பிச்சுது. சீனாவுல மட்டும் 2014 அக்டோபர் வரைக்கும் ஓடிச்சு. அதுக்கப்புறம் சில தன்னார்வலர்கள் சேர்ந்து எஸ்கார்கோன்னு ஒரு சர்வர் எழுதினாங்க. பிரெஞ்சுல நத்தைன்னு அர்த்தம். பழைய மெசஞ்சரை எடுத்து, "மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போ"ன்னு இருக்கற முகவரியை மட்டும் "நத்தைக்குப் போ"ன்னு மாத்தினா, பச்சை பொம்மை சுத்தி, உள்ளே போயிடுது. நண்பர்கள் பட்டியல், ஜன்னலை உலுக்கற நட்ஜ், எல்லாம் வேலை செய்யுது. செத்துப் போச்சுன்னு சொன்ன மென்பொருள் சாகவே இல்ல. அது பேசறதைக் கேட்க எதிர்ல ஆள் இல்லாம இருந்துச்சு, அவ்வளவுதான்.

நம்ம ஊர் கதை பெரும்பாலும் யாஹூ மெசஞ்சர்தான். 1998ல யாஹூ பேஜர்ங்கற பேர்ல பிறந்தது. மணிக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து, தடுப்புப் பலகைக்குப் பின்னால உட்கார்ந்து, முன்பின் தெரியாதவங்ககிட்ட வயசு, பாலினம், ஊர் கேட்ட தலைமுறை ஒண்ணு இருக்கு. உங்க அக்கா, சித்தப்பாகிட்ட கேளுங்க, பேச்சை மாத்துவாங்க. 2004ல யாஹூவும் பாஷையை மாத்தி, டிரில்லியன் மாதிரி பல மெசஞ்சரை ஒண்ணா இணைக்கற வெளி மென்பொருள்களை நிறுத்திச்சு. சொன்ன காரணம் ஸ்பாம். ஆனா 2006ல இதே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் கை குலுக்கி, ஒருத்தர் ஆளுக்கு இன்னொருத்தர் மெசஞ்சர்லேர்ந்து பேசற வசதியைக் குடுத்தாங்க. 2012 டிசம்பர்ல அதுவும் நின்னுச்சு. 2016 ஆகஸ்ட்ல பழைய டெஸ்க்டாப் வெர்ஷன் போச்சு. 2018 ஜூலை 17ல மெசஞ்சரே போச்சு.

தமிழ்ல சாட் பண்ணவங்களுக்கு இதுக்கு மேல ஒரு கூடுதல் சோதனை இருந்துச்சு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மெசஞ்சர், ஒரே வெர்ஷன், இணைப்பும் பக்கா. ஆனா நான் டிஸ்கி குறியீட்டுல, இணைமதி எழுத்துருவுல தட்டி அனுப்பினா, அந்த எழுத்துரு இல்லாத உங்க திரையில புரியாத ஐரோப்பிய எழுத்துக் குப்பை வரும். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாப், டாம்னு தனிக் குறியீடுகளைக் கொண்டு வந்துச்சு. உலகத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே விவாதிச்சு உருவாக்கின டிஸ்கி இன்னொரு பக்கம். அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010ல. நடுவுல போன வருஷங்கள்ல நிறைய பேர் "எப்படி இருக்கே"ங்கறதை ஆங்கில எழுத்துலயே தட்டப் பழகிட்டாங்க. இன்னிக்கு நாம தங்கிலீஷ்ல தட்டறதுக்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்ல, இந்தப் பொருந்தாமையும் ஒரு காரணம்ங்கறது என் கருத்து.

சரி, இன்னிக்கு நிலைமைக்கு வருவோம். வாட்ஸ்அப்.

அது எந்தெந்த போனை எப்போ கைவிட்டுச்சுன்னு பார்த்தா, நம்ம ஊர் சட்டைப் பைகளோட வரலாறே தெரியும். நோக்கியா சிம்பியன் 2017 ஜூன் 30. ஆஷா மாதிரி பட்டன் போன்கள் பல ஓடின நோக்கியா எஸ்40, 2018 டிசம்பர் 31. விண்டோஸ் போன், 2019 டிசம்பர் 31. ஆண்ட்ராய்டு 2.3.7 வரைக்கும், 2020 பிப்ரவரி 1. ஆண்ட்ராய்டு 4.0 போன்கள் 2021 நவம்பர்ல. 4.1லேர்ந்து 4.4 வரைக்கும் 2023 அக்டோபர்ல.

இதுல எனக்கு ரொம்ப ஆர்வமானது பட்டன் போன். 2017 ஜூலையில 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு ஜியோபோன் அறிவிச்சாங்க. அதுல ஓடறது காய்.ஓ.எஸ்., ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ்.ஸோட வாரிசு. 2018 செப்டம்பர்ல அதுக்குன்னே வாட்ஸ்அப் எழுதித் தந்தாங்க. தொடுதிரைக்குப் பழகாதவங்க, வயசானவங்க, நம்பர் பட்டனை அழுத்தி வாய்ஸ் நோட் அனுப்ப ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கத் தடுமாறுறவங்களுக்கு வாய்ஸ் நோட் எவ்வளவு பெரிய விஷயம்னு நகரத்துல இருக்கற நமக்குச் சட்டுனு உறைக்காது. 2024 ஜூன் கடைசியில காய்.ஓ.எஸ். கடையிலேர்ந்து வாட்ஸ்அப்பை எடுத்துட்டாங்க. ஏற்கெனவே வெச்சிருந்தவங்களுக்கு 2025 தொடக்கம் வரைக்கும் அவகாசம்.

ஏன்? இங்கே "முடியல" பக்கத்தையும் நேர்மையா சொல்லணும்.

முதல்ல, பூட்டு. 2016 ஏப்ரல்ல வாட்ஸ்அப் எல்லா உரையாடலுக்கும் முழு மறையாக்கம் கொண்டு வந்துச்சு. அனுப்பறவர் போன்ல பூட்டி, வாங்கறவர் போன்லதான் திறக்கும். பழைய வெர்ஷனுக்கு அந்தப் பூட்டு போடத் தெரியாது. அந்த மாறுதல் காலத்துல ஒரு குரூப்ல ஒரே ஒருத்தர் பழசு வெச்சிருந்தாலும் மொத்த குரூப்புக்கும் முழுப் பூட்டு விழாது. பழசைச் சுமக்கறதோட விலையை மத்த எல்லாரும் சேர்ந்து கட்டறாங்க.

ரெண்டாவது, நேரம். ஆப்புக்குள்ளயே ஒரு தேதி இருக்கும், பால் பாக்கெட்ல போட்டிருக்கற மாதிரி. அதைத் தாண்டினா "இந்த வெர்ஷன் பழசாகிடுச்சு"ன்னு தானே நின்னுடும். அப்டேட் வர்ற போன்ல இது தொந்தரவே இல்ல. அப்டேட் நின்ன போன்ல அதுதான் கடைசி நாள்.

மூணாவது, சான்று. உங்க போன் ஒரு சர்வரை நம்பறதுக்கு போனுக்குள்ள சில வேர்ச்சான்றுகள் பதிஞ்சிருக்கும். போன் அப்டேட் ஆகலைன்னா அந்தப் பட்டியலும் பழசாயிடும். இதுல நடந்த ஒரு நல்ல கதையைச் சொல்லியே ஆகணும். லெட்ஸ் என்கிரிப்ட்னு, லட்சக்கணக்கான தளங்களுக்கு இலவசமா சான்று தர்ற லாபநோக்கற்ற அமைப்பு. அவங்க நம்பியிருந்த பழைய வேர்ச்சான்று 2021 செப்டம்பர் 30ல காலாவதி. அவங்களோட புதுச் சான்று 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளுக்குத் தெரியவே தெரியாது. அப்போ அந்த போன்கள்ல கணக்கில்லாத தளங்கள் திறக்காது. "புது போன் வாங்கிக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவங்க தேடினாங்க. ஆண்ட்ராய்டு வேர்ச்சான்றோட காலாவதித் தேதியைப் பார்க்கறதே இல்லைன்னு கண்டுபிடிச்சு, காலாவதியாகப் போற சான்றை வெச்சே தங்க புதுச் சான்றுக்கு ஒரு கையெழுத்து வாங்கினாங்க. பழைய ஆண்ட்ராய்டுகளுக்கு மேற்கொண்டு மூணு வருஷம் உயிர் கிடைச்சுது.

அதனாலதான் சொல்றேன், "முடியல"ங்கறதுக்கும் ஒரு விலை இருக்கு. அந்த விலையை யார் குடுக்கறதுங்கறதுதான் முடிவு. கம்பெனி ரெண்டு பொறியாளர் சம்பளத்தைக் குடுக்கலாம், இல்ல செம்மேட்டுல ஒரு பாட்டி புது போன் விலையைக் குடுக்கலாம்.

இதே டப்பாவுல இருக்கற எல்லா போன்லயும் ஒண்ணு மட்டும் இன்னும் ஓடுது: எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர்ல முதல் குறுஞ்செய்தி போன முறை. எந்த போன், எந்த கம்பெனி, எந்த சிம், கவலையே இல்ல. ஏன்னா அது யாரோட தனிச் சொத்தும் இல்ல, எல்லாரும் ஒத்துக்கிட்ட பொதுத் தரம். ஆனா அதுவும் தமிழுக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனைதான். ஆங்கிலத்துல ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ்ல 70. அதுலயும் "கொல்லிமலை"ன்னு எழுதினா நம்ம கணக்குல அஞ்சு எழுத்து, அதோட கணக்குல ஒன்பது. கொம்பு, புள்ளி எல்லாத்துக்கும் தனி இடம். படம், குரல், குரூப், இதெல்லாம் கேட்கவே வேணாம்.

குறுஞ்செய்தி மாதிரியே திறந்த தரத்துல சாட்டும் ஓட முடியும்னு ஒரு காலத்துல காட்டினாங்க. 2005ல வந்த கூகுள் டாக், எக்ஸ்.எம்.பி.பி.ங்கற பொதுப் பாஷையில பேசிச்சு. 2006 ஜனவரியில மத்த சர்வர்களோட பேசவும் கதவைத் திறந்துச்சு. பிட்ஜின் மாதிரி வேற யாரோ எழுதின மென்பொருள்லேர்ந்தே கூகுள் நண்பர்கிட்டப் பேசலாம். 2013ல ஹேங்அவுட்ஸ் வந்தப்போ அந்தக் கதவு மூட ஆரம்பிச்சு, 2022 ஜூன்ல மிச்சமும் முடிஞ்சுது. இப்போ ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு வாட்ஸ்அப் மாதிரி பெரிய செயலிகளை மத்தவங்களோட பேச வெக்கப் பார்க்குது. நம்ம பக்கத்துல, ஸோஹோவோட அரட்டை 2025ல திடீர்னு பிரபலமானப்போ, ஸ்ரீதர் வேம்பு இந்தச் செயலிகள் யு.பி.ஐ., மின்னஞ்சல் மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசணும்னு சொன்னார். நல்ல பேச்சு. செயல்ல வரும்போது இன்னொரு எபிசோட் போடறேன். யு.பி.ஐ.யில உங்க ஆப் எது, டீக்கடைக்காரர் ஆப் எதுன்னு நீங்க என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?

சரி, கையில ஒரு பழைய போன் இருக்கு, வீட்டுல யாரோ பயன்படுத்தறாங்க. என்ன பண்ணலாம்? முதல்ல எது போகும், எது போகாதுன்னு தெரிஞ்சுக்கங்க. வாட்ஸ்அப் கணக்கு நம்பரோட ஒட்டியிருக்கு. சிம்மை வேற போன்ல போட்டுப் பதிவு பண்ணா கணக்கும் குரூப்புகளும் திரும்ப வரும். ஆனா பேசின பேச்சு போன்லதான் இருக்கு. ஆண்ட்ராய்டுன்னா ஆப் இன்னும் திறக்கும்போதே கூகுள் டிரைவுக்கு பேக்கப் எடுங்க. ஆப் நின்ன பிறகு பேக்கப் பட்டனுக்கே போக முடியாது. ஒரு வகை போன்லேர்ந்து இன்னொரு வகைக்கு மாறறதா இருந்தா கூடுதல் கவனம். எஸ்40, விண்டோஸ் போன் நின்னப்போ பழைய பேச்சை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டு போக ஆப்புக்குள்ள வழியே இல்லாம இருந்துச்சு. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவுல அந்த வழி வந்ததே 2021லதான்.

பேக்கப்பை மட்டும் நம்பாதீங்க. அது அதே ஆப் இருந்தாத்தான் திறக்கும். முக்கியமான உரையாடல்னா ஸ்மார்ட்போன்ல "எக்ஸ்போர்ட் சாட்" இருக்கு. படம், குரலோட சேர்த்தா, சேர்க்காமலான்னு கேட்கும். வர்ற ஃபைல் வெறும் எழுத்து, நோட்பேடுலகூடத் திறக்கும். ரொம்ப நீளமான பேச்சுன்னா மொத்தமும் வராது, சமீபத்தியதுதான் வரும். வாய்ஸ் நோட்டு தனித்தனி ஃபைலா வரும். அதுக்கு யார், எப்போன்னு நீங்களே பேர் வெச்சுக்கணும், இல்லைன்னா அஞ்சு வருஷம் கழிச்சு எது யார் குரல்னு ஒவ்வொண்ணா அழுத்திக் கேட்டுக்கிட்டிருப்பீங்க.

அப்புறம், உங்க ஊர் குரூப், அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் குரூப்ல நீங்க அட்மினா இருந்தா ஒரு வேலை. ரொம்ப நாளா ஒத்தை டிக்லயே நிக்கற பேர் யார் யாருன்னு ஒரு தடவை மெசேஜ் இன்ஃபோவுல பாருங்க. அவங்களுக்கு ஒரு கால் பண்ணுங்க. அந்த போன்ல கால் இன்னும் போகும்.